கிளுவை வேலி நட்டு மூன்று வருடம் கழித்து

வேலி நட்ட வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் பாராட்டி நாலு வரியில் முடித்திருப்பேன். நாலாவது மாதம் எழுதியிருந்தால் பணம் போச்சு என்று எழுதியிருப்பேன். மரக்கிளைகளையே நட்டு வளர்க்கிற உயிர்வேலியைப் பற்றிச் சொல்வதற்கு இரண்டு கோடையாவது கடந்திருக்க வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது. எங்கள் வேலி மூன்று கோடை பார்த்துவிட்டது.

நான் சொல்லப்போவது மூலனூர்ப் பக்கத்திலிருந்து வந்து கிளுவை என்ற முள்மரத்தின் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டி, நட்டு, கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் ஆறு பேரைப் பற்றி. கடை, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டுத்தான் இவர்களுக்கு வேலை வருகிறது. குழுவின் மூத்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். எண்ணைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வருடத்தில் ஒன்றரை மாதம்தான் இந்த வேலை, அதற்கு மேல் ஆட்கள் கூப்பிட்டால் சமாளிக்க முடியாது என்றார்.

எங்கள் காடு தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிறது. நாலு ஏக்கர் கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்கிற எங்கள் ஊர்களில் மேய்ச்சலுக்கென்றே அடைத்து வைத்திருக்கும் நிலம்தான் கொறங்காடு. கீழே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. புல் மாட்டுக்கு. வெள்வேலங்காய் கோடையில் செம்மறிக்கு. வேலி இருப்பதால் கால்நடையை உள்ளே விட்டுவிட்டு ஆள் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். காங்கயம் மாடு இந்த மண்ணில் வளர்ந்ததற்கு இந்த மூன்றும்தான் காரணம் என்று அப்பா சொல்வார். அவர் இருந்தவரை இரண்டு காங்கயம் பசுவும் பத்துப் பன்னிரண்டு மேச்சேரிச் செம்மறியாடும் இந்த நாலு ஏக்கரில்தான் மேய்ந்தன.

அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். நான் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன், தம்பி திருப்பூரில். ஐந்து வருடம் கழித்து நிலத்தைத் திரும்ப எடுத்தபோது மூன்று பக்கத்து வேலி இல்லை. டிராக்டர் திரும்ப இடைஞ்சலாக இருந்தது என்று பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மேற்கே இட்டேரியை, அதாவது இரண்டு பக்கமும் வேலி நிற்கும் பாதையை, ஒட்டிய பக்கம் மட்டும் தாத்தா காலத்துக் கிளுவை அப்படியே நின்றது. ஒவ்வொரு தூரும் என் தொடை அளவு.

முதலில் கல்தூண் ஊன்றிக் கம்பிவலை போடலாம் என்றுதான் தம்பி சொன்னான். மூன்று பக்கமும் சேர்த்து 1,200 அடி. கேட்ட இடத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொன்னார்கள். எனக்குப் பணம் மட்டும் பிரச்சினையில்லை. இட்டேரியில் நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை நான். இரண்டு பக்கமும் கிளுவை, அதில் ஏறிக் கிடக்கும் பிரண்டையும் கோவைக்கொடியும், காலடியில் சடாரென்று பறக்கும் கவுதாரி. கம்பிவலையில் இதெல்லாம் வராது. கிளுவைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அதில் முதல் முறை ஏமாந்தேன். நகரத்தில் இருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் கிளுவை நாற்று இருக்கிறது என்றதும் ஒன்று 25 ரூபாய் என்று 200 வாங்கி வந்து கிழக்குப் பக்கம் நட்டேன். ஒரு வருடம் தண்ணீர் ஊற்றினேன். பளபளவென்று வளர்ந்தன, ஆனால் ஒன்றிலும் முள் இல்லை. அண்ணா நிலம் பார்க்க வந்த அன்று ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என்னிடம் நீட்டினார். மாங்காய் வாசம் வந்தது.

“இது பச்சைக்கிளுவைங்க அம்மணி. மலையில பாறை இடுக்குல நிக்கிற மரம். நல்ல மரந்தான், ஆனா வேலிக்கு ஆவாதுங்க.”

இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது 5,000 ரூபாய் மிச்சமாகும். வேலிக்கு வேண்டியது முள்கிளுவை. அறிவியல் பெயர் கம்மிபோரா பெர்ரியி. ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, நடு இலை பெரிது. தனியாக ஒரு முள் முளைப்பதில்லை, சிறு கிளைகளின் நுனியே கூராகி முள்ளாகிவிடும். பச்சைக்கிளுவை, அதாவது கம்மிபோரா காடேட்டா, பெரும்பாலும் ஐந்து ஏழு சிற்றிலைகளோடு இருக்கும், முள்ளே இருக்காது, அதைவிடப் பெரிய மரமாகும். இரண்டுக்கும் பட்டை ஒரே மாதிரி மெல்லிய காகிதம்போல உரியும் என்பதால் இலையில்லாத காலத்தில் தெரியாதவர்கள் மாற்றி எடுத்துவிடுவார்கள். பிழைத்த பச்சைக்கிளுவைகளை நான் பிடுங்கவில்லை. அறுபது மரம் வேலிக்கு உள்பக்கம் நிற்கின்றன, நிற்கட்டும்.

அண்ணா தை மாதம் வந்து நிலத்தைச் சுற்றி நடந்தார். அளவு டேப் எடுக்கவில்லை, காலால் அளந்தார். மூன்று கேள்வி கேட்டார். மழைத்தண்ணீர் எந்த மூலையில் நிற்கும்? யாருடைய ஆடு இந்தப் பக்கம் வரும்? ராத்திரி இங்கே ஆள் இருக்குமா? முன்பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. “போத்து கெடைக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடிக்கு 28 ரூபாய் பேசினோம். போத்து, வண்டி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 33,600. முதல் வருடம் சாகும் போத்துக்கு அடுத்த வருடம் மாற்றுப் போத்து இலவசம், வண்டி வாடகை மட்டும் நாம் தர வேண்டும்.

போத்து எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. காட்டில் வெட்ட மாட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, இருக்கிறது. கிளுவை தானாக முளைத்து வளரும் இடம் அப்படிப்பட்டதுதான். மண் அதிகமில்லாத பாறைச் சரிவு, முட்புதர்க் காடு, கூடவே வெள்வேலும் காரையும் சூரையும். அங்கே அது ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கோணல்மாணலாக நிற்கும். அதைத் தொட மாட்டேன் என்றார். கரட்டில் இருப்பது விதை போட்டு வந்த மரம், ஒவ்வொன்றும் ஒரு குணம், அது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வேலிக்குப் போத்து வேலியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் மேற்கு வேலியைக் கவாத்து செய்ததில் தொள்ளாயிரம் போத்து தேறியது. மீதி ஆயிரத்து ஐந்நூறும் வெள்ளகோவில் பக்கம் வீட்டுமனை போடுவதற்காக ஒரு பழைய கொறங்காட்டை அழித்த இடத்திலிருந்து வந்தது. பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் போய் வெட்டி எடுத்து வந்தார்கள். அந்த வேலிக்கு என்ன வயதோ, அதன் உயிர் இப்போது எங்கள் கிழக்கு வேலியில் இருக்கிறது. இதை நினைக்காமல் நான் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க ஒரே விஷயத்தில் இருக்கிறது. கிளுவை இலையுதிர் மரம். தை பிறந்தால் இலையை உதிர்க்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் ஒரு இலைகூட இருக்காது, வெறும் முள்ளும் குச்சியும்தான். கோடை மழை விழுந்ததும் கண்ணுக்கே தெரியாத சின்னப் பூவும் பின்னாலேயே தளிரும் வரும். அந்தத் தூக்கத்துக்குள் வெட்டி, விழிக்கும்போது மண்ணில் இருக்கும்படி நட வேண்டும். தழை இருக்கும்போது வெட்டினால் போத்தில் இருக்கும் ஈரத்தை இலை குடித்துவிடும். மழைக்காலம் நடுவில் நட்டால் வெட்டுவாய் அழுகும். “கிளுவை காஞ்சு சாவறது கம்மிங்க, அழுகித்தான் சாவும்” என்று அண்ணா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

2022 பங்குனிக் கடைசியில் வருவதாகச் சொன்னவர்கள் சித்திரை இரண்டாம் வாரம்தான் வந்தார்கள். பதினைந்து நாள் தாமதம். அந்தப் பதினைந்து நாளும் போன் எடுக்கவில்லை. இது குறைதான், பள்ளி விடுமுறையைக் கணக்குப் பண்ணி வைத்திருந்த எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் போத்துகளை முன்னாலேயே வெட்டி வேப்பமரத்து நிழலில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் மாதிரி மூடினால்தான் மண்ணில் அழுகாது, அதற்குப் பத்து நாளாவது வேண்டும் என்றார் அண்ணா.

நடுவதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். போத்து நாலடி முதல் ஐந்தடி வரை, கனம் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை. மேல்நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்திருந்தார்கள், அவசரத்தில் யாரும் தலைகீழாக ஊன்றிவிடக் கூடாது என்பதற்காக. கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குக் குழி. போத்தை அடித்து இறக்குவதில்லை, பட்டை கிழியும். குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் சுற்றிலும் மிதித்து இறுக்குகிறார்கள். இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் போத்து. பிறகு குறுக்கே நீளக் குச்சி வைத்துக் கத்தாழை நாரால் கட்டு. நைலான் கயிறு போட்டால் மரம் பருக்கும்போது கழுத்தை நெரிக்கும், நார் தானே இற்றுப்போகும். ஆறு பேர், மூன்றரை நாள், 2,400 போத்து. எல்லோரும் சொந்தச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், மோர் மட்டும் நான் கொடுத்தேன்.

பத்தாம் நாள் ஒரு கோடை மழை. வைகாசி பிறக்கும்போது 1,200 அடியும் பச்சை. நான் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அண்ணா வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷப்படவில்லை.

“இது வேர் விட்டு வந்த தழை இல்லீங்க அம்மணி. கட்டையில இருந்த சத்துல வந்த தழை. ஐப்பசியில வர்றதுதான் கணக்கு.”

அவர் சொன்னபடியே நடந்தது. ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மண்ணையே தூக்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் பாதிக்கு மேல் தழை உதிர்ந்துவிட்டது. வேலி முழுக்கச் செத்த குச்சி. நான் தினமும் சாயங்காலம் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கிளுவையில் இது ஒரு வசதி. காகிதம்போன்ற மேல்தோலை உரித்தால் அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்தப் பச்சைதான் இலை இல்லாத மாதங்களில் வெயிலை வாங்கி மரத்துக்குக் கொஞ்சம் சாப்பாடு தேடுகிறது. பழுப்பாக, பொதபொதவென்று இருந்தால் முடிந்தது.

கார்த்திகையில் எண்ணினோம். 2,050 போத்து உயிரோடு. செத்தது 350. அதில் 140 வடகிழக்கு மூலையில் தண்ணீர் நிற்கும் இடத்தில். அந்த மூலையைத் தை மாதமே அண்ணாவுக்குக் காட்டியிருந்தேன். அங்கே கரை கட்டி மண்ணை உயர்த்திவிட்டு நட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. அதை அவரே ஒத்துக்கொண்டார். மறு சித்திரையில் வந்து மூலைக்கு ஒன்றரை அடி மண் ஏற்றி, 350 போத்தையும் மாற்றி நட்டார்கள். பேசியபடி வண்டி வாடகை 1,500 மட்டும்தான் வாங்கினார்கள்.

இனிக் குறைகள். முதல் இரண்டு வருடம் இது வேலியே இல்லை. வெள்ளாட்டுக்குக் கிளுவைத் தளிர் என்றால் உயிர். வேலியைக் காப்பாற்ற வெளிப்பக்கம் வெள்வேல முள் வெட்டிப் போட வேண்டியிருந்தது, அதற்குத் தனியாக எனக்கு 6,000 ரூபாய் ஆயிற்று. இதை அவர்கள் முன்னாலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். வாசலுக்குப் படல் கட்டிக் கொடுக்க மாட்டார்கள், அதற்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும். வருடா வருடம் கவாத்து உண்டு, இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டால்தான் அடியில் கிளை அடர்த்தியாகும், இல்லாவிட்டால் மேலே மட்டும் தலை விரித்துக்கொண்டு கீழே நாய் நுழையும். எங்களுக்கு ஒரு தடவைக்கு 4,000 ஆகிறது. மயிலை எந்த வேலியாலும் நிறுத்த முடியாது, அதை இவர்களுடைய குறையாகச் சொல்லக் கூடாது.

பாம்பு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வரும். கீரியும் வரும், எங்கள் தெற்கு வேலியில் ஒரு குடும்பமே இருக்கிறது.

யாருக்கு இது ஒத்து வரும் என்று கேட்டால், மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு யோசிக்காமல் சொல்வேன். ஒரு ஏக்கருக்குக் குறைவாக வைத்துக் காய்கறி போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். வேலி வளர்ந்தால் நாலைந்து அடி அகலம் எடுத்துக்கொள்ளும், அதை ஒட்டிய பாத்தியில் வெள்ளாமை நன்றாக வராது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி எல்லைக்கல்லைப் பார்த்த பிறகு நடுங்கள், ஒரு தடவை வேர் பிடித்த கிளுவையை நகர்த்த முடியாது. தண்ணீர் தேங்கும் களிமண் காடாக இருந்தால் வேண்டவே வேண்டாம். இது பாறைச் சரிவில் பிறந்த மரம், வறட்சியைத் தாங்கும், ஈரத்தில் நிற்கத் தெரியாது.

இந்த மரத்தை இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிளுவையின் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினைத் தருகிற மரமும் ராஜஸ்தான், குஜராத் வறண்ட காடுகளில் குக்குலு என்ற மருந்துப் பிசினைத் தருகிற மரமும் இதே கம்மிபோரா பேரினம்தான். ஏறத்தாழ 200 வகை, பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும். நம் முள்கிளுவை தென்னிந்தியாவின் வறண்ட காட்டு மரம். அந்தக் காட்டிலிருந்து ஒரு போத்தை எடுத்து வந்து இட்டேரியின் இரண்டு பக்கமும் நட்ட முதல் ஆள் யாராக இருந்தாலும், கரட்டையே நீளமாக இழுத்து ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வேலியில் இப்போது நான் நடாத முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை எல்லாம் ஏறிக் கிடக்கின்றன. பறவைகள் போட்ட விதையாகத்தான் இருக்க வேண்டும். போன ஐப்பசியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று நாள் முழுக்க உள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. செம்போத்து ஒன்று தினமும் காலையில் வடகிழக்கு மூலையிலிருந்து வெளியே வருகிறது, மண் ஏற்றிய அந்த மூலையிலிருந்து.

கொழுக்கட்டைப்புல் தூர்களும் திரும்பி வருகின்றன. ஆடு தொடாமல் இரண்டு மழை விட்டதே போதுமாக இருந்தது. இந்த வருடம் நாலு மேச்சேரிக் குட்டி வாங்கி விட்டிருக்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது போன் எடுக்காததற்கும், வெள்ளாட்டு விஷயத்தை முன்னாலேயே சொல்லாததற்கும். செத்த போத்துக்குப் பொறுப்பெடுத்து மறு வருடம் வந்து நின்றதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். கம்பிவலை போட்டவர்கள் யாரும் மறு வருடம் வந்து பார்த்ததாக நான் கேட்டதில்லை.

போன மாசியில் தம்பி மகள் சென்னையிலிருந்து வந்தாள். “அத்தை, வேலி எல்லாம் செத்துப்போச்சே” என்று பதறினாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு குச்சியின் தோலை உரித்துக் காட்டினேன். பச்சையைப் பார்த்த பிறகு சாயங்காலம் வரை ஒவ்வொரு குச்சியாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள், போதும் விடு என்று அதட்ட வேண்டியதாயிற்று.

வருகிற பங்குனியில் கிழக்கு வேலியில் முதல் பெரிய கவாத்து. அதில் தேறுகிற போத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.